டொமினிகா பாஸ்போர்ட் வாங்கலாமா? துபாய் வாசகருக்கு ஒரு பதில்

கேள்வி: 19 வருடங்களாகத் துபாயில் இருக்கிறேன். ஏசி பராமரிப்பு செய்யும் சிறிய நிறுவனம் நடத்துகிறேன். சொந்த ஊர் அறந்தாங்கி பக்கம். மனைவி, பத்தாம் வகுப்பு படிக்கும் மகள், ஆறாம் வகுப்பு படிக்கும் மகன் என்னுடன் இருக்கிறார்கள். அம்மா ஊரில் தனியாக இருக்கிறார். அப்பா பெயரில் 3 ஏக்கர் வயல் உண்டு. போன மாதம் இங்கே ஒரு ஓட்டலில் நடந்த கூட்டத்துக்குப் போயிருந்தேன். டொமினிகா என்ற தீவு நாட்டில் 2,50,000 டாலர் முதலீடு செய்தால் நான்கு பேருக்கும் குடியுரிமை கிடைக்கும், ஆறு மாதத்தில் பாஸ்போர்ட் கையில் இருக்கும், ஐரோப்பாவுக்கு விசா வேண்டாம் என்றார்கள். அந்தத் தீவில் அமெரிக்க மருத்துவக் கல்லூரி இருக்கிறதாம், மகள் அங்கேயே படிக்கலாமாம். அவளுக்கு டாக்டராக வேண்டும் என்று ஆசை. இந்திய பாஸ்போர்ட் என்ன ஆகும் என்று கேட்டேன். ‘அதை அலமாரியில் வைத்துக்கொள்ளுங்கள், யாருக்கும் தெரியப்போவதில்லை’ என்றார் ஏஜென்ட். இந்த மாத இறுதிக்குள் 20,000 டாலர் முன்பணம் கட்டினால் 15 சதவீதம் தள்ளுபடியாம். 2023இல் ஜெர்மனியில் நடந்த ஒரு கண்காட்சிக்குப் போக விண்ணப்பித்து, விசா மறுக்கப்பட்டது. அந்த அவமானம் இன்னும் மனதில் இருக்கிறது. சென்னையில் உள்ள பிளாட்டை விற்றால் பணம் புரட்டிவிடலாம். என்ன செய்யட்டும்?

பதில்:

முதலில் ஒன்றை உடனே சொல்லிவிடுகிறேன். அந்த 20,000 டாலரை இந்த மாதம் கட்டாதீர்கள். பிளாட்டை விற்கும் பேச்சையும் நிறுத்திவையுங்கள். மற்றதை நிதானமாகப் பார்ப்போம்.

விசா மறுக்கப்பட்டதைப் பற்றி நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். சொந்தக் காலில் நின்று, பத்துப் பேருக்குச் சம்பளம் கொடுக்கிற ஒரு மனிதரிடம் ‘நீங்கள் திரும்பி வருவீர்கள் என்று எங்களுக்கு நம்பிக்கை இல்லை’ என்று ஒரு அச்சடித்த தாளை நீட்டினால் வலிக்கத்தான் செய்யும். அந்த வலிக்கு மருந்து தேடித்தான் நீங்கள் அந்த ஓட்டல் கூட்டத்துக்குப் போயிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அதில் தவறே இல்லை. ஆனால் உங்களுக்கு விற்கப்படுவது என்ன, அதற்கு நீங்கள் கொடுக்கும் விலை என்ன என்பதை முழுசாகச் சொல்ல எனக்குக் கடமை இருக்கிறது. விலை டாலரில் மட்டும் இல்லை.

கூட்டத்தில் ‘இரண்டாவது குடியுரிமை’ என்று சொல்லியிருப்பார்கள். அமெரிக்கருக்கோ பிரிட்டிஷ்காரருக்கோ அது உண்மையிலேயே இரண்டாவதுதான். முதலாவது அப்படியே இருக்கும். இந்தியருக்கு அப்படி இல்லை. 1955ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம், 9ஆவது பிரிவு: ஓர் இந்தியர் தானே விரும்பி வேறொரு நாட்டின் குடியுரிமையைப் பெற்றால், அந்தக் கணமே அவர் இந்தியக் குடிமகன் இல்லை. நோட்டீஸ் வராது, விசாரணை நடக்காது, யாரும் கையெழுத்துப் போட வேண்டியதும் இல்லை. டொமினிகாவின் தலைநகர் ரோஸோவில் உங்கள் பெயரில் குடியுரிமைச் சான்றிதழ் பதிவாகும் அன்று, துபாயில் உங்கள் அலமாரியில் இருக்கும் இந்திய பாஸ்போர்ட் செல்லாத தாளாகிவிடும். நீங்கள் வாங்கப்போவது ஒன்றைக் கொடுத்து இன்னொன்றைப் பெறும் பண்டமாற்று. அப்படி நினைத்துக்கொண்டு கணக்குப் போட்டால்தான் கணக்கு சரியாக வரும்.

‘அலமாரியில் வைத்துக்கொள்ளுங்கள்’ என்பது ஆலோசனையே இல்லை. அது உங்களை ஒரு குற்றத்துக்குள் தள்ளும் வேலை. குடியுரிமை போனபின் இந்திய பாஸ்போர்ட்டை ஒப்படைத்து, அதற்கான சான்றிதழ் வாங்க வேண்டும். ஒப்படைக்காமல் வைத்திருந்தால் அபராதம் உண்டு. அதைக் காட்டிப் பயணம் செய்தாலோ, விவரத்தை மறைத்துப் புதுப்பித்தாலோ 1967ஆம் ஆண்டின் பாஸ்போர்ட் சட்டப்படி வழக்கே வரலாம். ‘தெரியப்போவதில்லை’ என்பதும் பொய். டொமினிகாவில் குடியுரிமை பெறுபவர்களின் பெயர்கள் அந்நாட்டு அரசிதழில் வந்திருக்கின்றன. 2023இல் பன்னாட்டுப் புலனாய்வுப் பத்திரிகையாளர்கள் அந்த அரசிதழ்களைத் திரட்டி, ஆயிரக்கணக்கான பெயர்களை அலசி எழுதினார்கள். அது போக, உங்கள் எமிரேட்ஸ் ஐடி, ரெசிடென்ஸ் விசா, கம்பெனி லைசென்ஸ், வங்கிக் கணக்கு எல்லாமே பாஸ்போர்ட்டைத் தொட்டுக்கொண்டு இருப்பவை. புது பாஸ்போர்ட்டில் நீங்கள் எதைச் செய்யப் போனாலும் பழையது எங்கே என்ற கேள்வி எழும்.

என் அலுவலகத்துக்கு ஒருவர் வந்திருந்தார். வேறொரு தீவு நாட்டின் பாஸ்போர்ட்டை வாங்கிவிட்டு, நான்கு வருடம் இந்திய பாஸ்போர்ட்டிலேயே ஊருக்கு வந்துபோனவர். அப்பா இறந்தபோது ஓடி வந்தார். திரும்பும்போது விமான நிலையத்தில் நிறுத்தினார்கள். பதினாறாம் நாள் காரியத்தை முடித்த கையோடு வக்கீல்களைத் தேடி அலைந்தார். அவர் திருடரோ மோசடிக்காரரோ இல்லை. ஏஜென்ட் சொன்னதை நம்பியவர், அவ்வளவுதான். உங்களுக்கு அந்த நிலைமை வர வேண்டாம்.

சரி, சட்டப்படியே எல்லாம் செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பாஸ்போர்ட்டை ஒப்படைத்துவிட்டு ஓசிஐ அட்டை வாங்குகிறீர்கள். முன்னாள் இந்தியக் குடிமக்களுக்கு அது பொதுவாகக் கிடைக்கும். ஆயுள் முழுக்க விசா இல்லாமல் இந்தியாவுக்கு வந்துபோகலாம், தங்கலாம், தொழில் செய்யலாம். வயலைப் பற்றி உங்களுக்குப் பயம் இருக்கலாம். அது போகாது. ஓசிஐ அட்டைதாரர் விவசாய நிலத்தை விலைக்கு வாங்க முடியாது, ஆனால் வாரிசாகப் பெறலாம், வைத்திருக்கலாம். விற்பதானால் இந்தியாவில் வசிக்கும் இந்தியக் குடிமகனுக்குத்தான் விற்க வேண்டும். என்ஆர்ஐயாக இன்றைக்கு உங்களுக்கு இருக்கும் கட்டுப்பாடும் கிட்டத்தட்ட இதேதான். ஆக, 3 ஏக்கர் இந்த முடிவைத் தீர்மானிக்க வேண்டியதில்லை.

தீர்மானிக்க வேண்டியவள் உங்கள் மகள். கடிதத்தில் அவளைப் பற்றி இரண்டே வரிதான் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் இந்த விஷயத்தில் அதிகம் இழக்கக்கூடியவள் அவள்தான்.

2021 மார்ச் 4 அன்று மத்திய அரசு ஓர் அறிவிக்கை வெளியிட்டது. அதன்படி ஓசிஐ அட்டைதாரர்கள் நீட், ஜேஇஇ போன்ற நுழைவுத் தேர்வுகளை எழுதலாம். ஆனால் என்ஆர்ஐ இடங்களிலோ கூடுதலாக உருவாக்கப்படும் இடங்களிலோ மட்டுமே சேர முடியும். இந்தியக் குடிமக்களுக்கு என்று உள்ள இடங்களுக்குப் போட்டியிட முடியாது. இதை எதிர்த்துப் பல பெற்றோர் உச்ச நீதிமன்றம் போனார்கள். 2023 பிப்ரவரியில் வந்த தீர்ப்பு, அந்தத் தேதிக்கு முன்பே ஓசிஐ பெற்றிருந்த பிள்ளைகளுக்குப் பழைய உரிமையைக் காப்பாற்றிக் கொடுத்தது. அதற்குப் பிறகு அட்டை வாங்குபவர்களுக்குக் கதவு மூடியதுதான். உங்கள் மகள் இப்போது வாங்கினால் இந்த இரண்டாவது வகையில்தான் வருவாள்.

இன்றைக்கு அவள் கையில் இந்திய பாஸ்போர்ட் இருக்கிறது. நீட்டில் நல்ல மதிப்பெண் எடுத்தால், அகில இந்திய ஒதுக்கீட்டில் அரசுக் கல்லூரி இடத்துக்கு முயலலாம். பூர்விகச் சான்றிதழும் மற்ற தகுதிகளும் சரியாக இருந்தால் தமிழ்நாட்டு ஒதுக்கீட்டையும் பார்க்கலாம். அதெல்லாம் கிடைக்காவிட்டால்தான் என்ஆர்ஐ இடம். தமிழ்நாட்டுத் தனியார் கல்லூரிகளில் அந்த இடத்துக்கு ஆண்டுக்கு 20 லட்சம் ரூபாய்க்கு மேல் கட்டணம். டொமினிகா பாஸ்போர்ட் வந்தபின் அந்த விலை உயர்ந்த வாசல் ஒன்றுதான் மிச்சம். டாக்டராக வேண்டும் என்று பிள்ளை ஆசைப்படும் நேரத்தில், 2,50,000 டாலர் கொடுத்து அவளுடைய மற்ற வாசல்களை நாமே அடைப்பதா?

‘பெரியவளானதும் வேண்டுமானால் அவள் இந்தியக் குடியுரிமையைத் திரும்ப வாங்கிக்கொள்ளட்டும்’ என்று சிலர் சொல்வார்கள். சட்டத்தில் அப்படி ஒரு வழி உண்டு. 8ஆவது பிரிவின்படி பெற்றோர் முறைப்படி குடியுரிமையைத் துறந்திருந்தால், பிள்ளை 18 வயதாகி ஓராண்டுக்குள் மீண்டும் கோரலாம். ஆனால் 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது. பெற்றோர் வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கியதால் 9ஆவது பிரிவின்படி தானாகவே இந்தியக் குடியுரிமை போயிருந்தால், அந்த ஓராண்டுச் சலுகை பிள்ளைக்குக் கிடையாது. சிங்கப்பூர் குடியுரிமை வாங்கிய பெற்றோரின் மகன் தொடுத்த வழக்கு அது. சென்னை உயர் நீதிமன்றத்தில் ஜெயித்து, டெல்லியில் தோற்றார். மிச்சம் இருப்பது நீண்ட வழி: ஓசிஐயாக ஐந்து ஆண்டு பதிவில் இருந்து, விண்ணப்பிக்கும் முன் 12 மாதம் இந்தியாவில் வசித்து, அப்புறம் பதிவு கோருவது. அதற்குள் மருத்துவம் படிக்கும் வயது போய்விடும்.

அந்தத் தீவில் இருக்கும் அமெரிக்க மருத்துவக் கல்லூரி என்று அவர்கள் சொன்னது அநேகமாக ராஸ் பல்கலைக்கழகம். 1978 முதல் டொமினிகாவின் போர்ட்ஸ்மத் நகரில் இருந்தது, உண்மை. 2017 செப்டம்பரில் மரியா புயல் அடித்த பிறகு அது தீவை விட்டுப் போய்விட்டது. 2019 முதல் பார்படோஸில் இயங்குகிறது. ஆண்டுகள் பல கழிந்தும் அந்தப் பெயரை ஓட்டல் மேடையில் விற்கிறார்கள் என்றால், மற்ற வாக்குறுதிகளையும் அந்தக் கண்ணோடுதான் பார்க்க வேண்டும்.

அந்த நாட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். எதற்காக விற்கிறார்கள் என்று புரிந்தால், எது நிலைக்கும், எது நிலைக்காது என்பதும் புரியும்.

டொமினிகா வேறு, டொமினிகன் குடியரசு வேறு. உங்கள் டொமினிகா கரீபியன் கடலில் 750 சதுர கிலோமீட்டர் பரப்பில் மலையும் காடுமாக இருக்கும் ஒரு சின்னத் தீவு. மக்கள் தொகை சுமார் 70 ஆயிரம், நம் ஊர்ப் பக்கம் ஒரு நகராட்சி அளவு. மரியா புயல் ஒரே இரவில் அந்த நாட்டின் ஓராண்டு மொத்த உற்பத்தியைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் சேதத்தை உண்டாக்கியது. வீடுகளைத் திரும்பக் கட்ட, பள்ளிகளைச் சரிசெய்ய, இப்போது ஒரு பன்னாட்டு விமான நிலையம் கட்ட என்று பெரிய பங்கு பணம் இந்தக் குடியுரிமைத் திட்டத்திலிருந்துதான் வருகிறது. பக்கத்தில் செயின்ட் கிட்ஸ் நெவிஸ் இருக்கிறது. 1983இல் விடுதலை பெற்று, 1984லேயே உலகில் முதன்முதலாக இந்த வழியைச் சட்டமாக்கிய நாடு. 300 ஆண்டுகளுக்கு மேல் கரும்பை நம்பி வாழ்ந்தவர்கள் 2005இல் சர்க்கரைத் தொழிலையே மூடிவிட்டார்கள். அதன் பின் அவர்களுக்குக் கை கொடுத்தது பாஸ்போர்ட் வருமானம்தான். புயலும் கடனும் சின்னச் சந்தையுமாக இருக்கும் நாடுகள் தங்களிடம் இருக்கும் ஒரே விலைமதிப்புள்ள பொருளை விற்கின்றன. அதற்காக அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

ஆனால் அந்தப் பொருளின் மதிப்பு அவர்கள் கையில் இல்லை. விசா இல்லாமல் உள்ளே விடுவது மற்ற நாடுகளின் தயவு. தயவு எப்போது வேண்டுமானாலும் மாறும். செயின்ட் கிட்ஸ்காரர்களுக்குக் கனடா 2014இல் விசா கட்டாயமாக்கியது. இன்னொரு கரீபியன் தீவு நாடான ஆன்டிகுவாவுக்கு 2017இல் அதே கதி. 2023 ஜூலையில் பிரிட்டன் டொமினிகாவுக்கும் வனுவாட்டுவுக்கும் விசா கட்டாயமாக்கியது. காரணமாகச் சொன்னது இந்தக் குடியுரிமை விற்பனையைத்தான். பசிபிக் தீவான வனுவாட்டுவின் கதை இன்னும் மோசம். ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் அதன் விசா விலக்கை நிறுத்திவைத்து, 2024 டிசம்பரில் ஒரேயடியாக ரத்து செய்தது. 2025 டிசம்பரில் அமெரிக்கா டொமினிகா, ஆன்டிகுவா ஆகிய நாடுகளின் குடிமக்களுக்கு விசா கட்டுப்பாடு அறிவித்தது. வசிக்காமலேயே அங்கே குடியுரிமை வாங்க முடிகிறது என்பதுதான் அதற்கும் காரணம்.

இந்த பாஸ்போர்ட்டில் உங்களுக்கு மிச்சம் இருக்கும் பெரிய பலன் ஷெங்கன், அதாவது ஜெர்மனி உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்கு ஒரே விசா உள்ள பகுதி. டொமினிகாவுக்கு அது 2015இல் கிடைத்தது. 180 நாளில் 90 நாள் போய்வரலாம். வசிக்கவோ வேலை செய்யவோ முடியாது. குடியுரிமை விற்கும் நாடுகளின் விசா விலக்கை நிறுத்த வழிசெய்யும் புது விதியை ஐரோப்பிய ஒன்றியம் 2025 இறுதியில் நிறைவேற்றிவிட்டது. நாளைக்கே டொமினிகாவுக்கு அது வரும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஐரோப்பாவுக்காக மட்டும் 2,50,000 டாலர் கொடுப்பவர் இந்த ஆபத்தைத் தெரிந்துகொண்டுதான் கொடுக்க வேண்டும். பணம் போனது போனதுதான். விசா விலக்கு போனால் யாரும் திருப்பித் தரமாட்டார்கள்.

‘முதலீடு’ என்ற சொல்லையும் கவனியுங்கள். உங்களுக்குச் சொன்ன 2,50,000 டாலர் வழி, நான்கு பேர் குடும்பத்துக்கு அரசின் நிதிக்குக் கொடுக்கும் நன்கொடை. தனி ஆளுக்கு அது 2,00,000. வட்டி வராது, அசலும் வராது. ஓட்டல் கட்டும் திட்டத்தில் பங்கு வாங்கும் வழியும் இருக்கிறது. அதில் அந்த ஓட்டல் கட்டி முடியுமா, பங்கை யார் வாங்குவார்கள் என்ற கவலையும் கூட வரும். நன்கொடையோடு பின்னணி விசாரணைக் கட்டணம், நேர்காணல் கட்டணம், ஏஜென்ட் கட்டணம் எல்லாம் சேரும். நன்கொடை மட்டுமே சுமார் 9 லட்சத்து 18 ஆயிரம் திர்ஹம். ரூபாயில் 2 கோடிக்கு மேல்.

இப்போது அந்த 15 சதவீதத் தள்ளுபடிக்கு வருகிறேன். இதைப் படித்ததும்தான் எனக்கு உண்மையிலேயே கவலை வந்தது. 2024 மார்ச்சில் டொமினிகா, செயின்ட் கிட்ஸ், ஆன்டிகுவா, கிரெனடா நான்கும் ஒப்பந்தம் போட்டு, 2,00,000 டாலருக்குக் கீழே யாரும் விற்பதில்லை என்று முடிவு செய்தன. பின்னால் செயின்ட் லூசியாவும் சேர்ந்தது. சட்டம் நிர்ணயித்த தொகையில் ஏஜென்ட் தள்ளுபடி தர முடியாது. தருகிறார் என்றால் எங்கோ குறைத்துக் கட்டுகிறார், அல்லது கணக்கில் விளையாடுகிறார். அப்படிக் குறைவாகக் கட்டியவர்களின் குடியுரிமையைச் செயின்ட் கிட்ஸ் ரத்து செய்திருக்கிறது. இந்தியக் குடியுரிமையும் போய், தீவின் குடியுரிமையும் ரத்தானால் நீங்கள் எந்த நாட்டுக்காரர்? நாடற்றவர். 2025 மார்ச்சில் முன்னாள் ஐபிஎல் தலைவர் லலித் மோடி விஷயத்தில் இந்தக் கேள்வி உலகம் முழுக்கச் செய்தியானது. லண்டனில் இந்திய பாஸ்போர்ட்டை ஒப்படைக்க அவர் விண்ணப்பித்த சில நாளிலேயே, வனுவாட்டு பிரதமர் அவருடைய வனுவாட்டு பாஸ்போர்ட்டை ரத்து செய்ய உத்தரவிட்டார். உங்கள் நிலை அவருடையது இல்லை, தெரியும். ஆனால் கொடுத்த கை திரும்ப எடுக்கவும் முடியும் என்பது எல்லோருக்கும் பொதுவானது.

முன்பணமும் அப்படித்தான். டொமினிகாவில் விண்ணப்பம் போடும்போது விசாரணைக் கட்டணமும் செயல்முறைக் கட்டணமும் கட்ட வேண்டும். முதன்மைத் தொகையை, விண்ணப்பத்துக்குக் கொள்கை அளவில் ஒப்புதல் கடிதம் வந்த பிறகுதான் கட்ட வேண்டும். இன்னும் ஒரு விண்ணப்பத் தாளைக்கூட நிரப்பாதவரிடம் மாத இறுதிக்குள் 20,000 டாலர் கேட்பது சரியான நடைமுறை இல்லை. அவர் அந்நாட்டு அரசின் அங்கீகாரம் பெற்ற ஏஜென்ட்தானா என்று குடியுரிமை முதலீட்டுப் பிரிவின் பட்டியலில் பாருங்கள். பட்டியலில் உள்ள ஏஜென்ட்டுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் துணை ஆட்கள் துபாயில் நிறைய. மேடையில் பேசுபவர்களில் பலர் அவர்கள்தான்.

2023இல் மறுக்கப்பட்ட அந்த ஷெங்கன் விசா பற்றி அவர் உங்களிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை போலிருக்கிறது. கேட்டிருக்க வேண்டும். டொமினிகாவுடன் விசா விலக்கு வைத்திருக்கும் ஒரு நாடு உங்களுக்கு விசா மறுத்து, அதன் பிறகு அதே நாட்டின் விசாவை நீங்கள் வாங்கியிருக்காவிட்டால், அவர்கள் விதிப்படி நீங்கள் தகுதியற்றவர். ஜெர்மனி அந்த வரிசையில் வருகிறது. ஆக, இன்றைய நிலையில் உங்கள் விண்ணப்பமே நிற்காது. மறைத்து எழுதினால் விசாரணையில் வெளியே வரும். 2023 முதல் நேர்காணலும் கட்டாயம். ஓரிடத்தில் நிராகரிக்கப்பட்டால் மற்ற நான்கு தீவுகளிலும் ஏற்பதில்லை என்று அவர்களுக்குள் உடன்பாடு இருக்கிறது. முன்பணமும் போய், ஒரு நிராகரிப்பும் பதிவில் ஏறும்.

வரி பற்றிக் கூட்டத்தில் நிறையப் பேசியிருப்பார்கள். உங்களுக்கு அது பெரிய விஷயமில்லை. இந்திய வருமான வரி நீங்கள் எத்தனை நாள் இந்தியாவில் இருக்கிறீர்கள் என்பதைத்தான் முதலில் பார்க்கிறது. இந்திய வருமானம் 15 லட்சத்தைத் தாண்டி, எந்த நாட்டிலும் வரி கட்டாத குடிமக்களுக்கு ஒரு தனி விதி இருக்கிறது. பிளாட் வாடகை மட்டும் வருகிறவருக்கு அது பொருந்தாது.

இன்னொன்று. 2020 மே மாதத்தை நினைத்துப் பாருங்கள். துபாயில் எல்லாம் முடங்கி, ஊருக்குப் போக நம் ஆட்கள் தூதரகத்தில் பெயர் பதிந்து காத்திருந்த நாட்கள். மே 7 முதல் வந்தே பாரத் விமானங்கள் புறப்பட்டன. அவை இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு. ஓசிஐ அட்டைதாரர்களின் விசா இல்லாத பயணத்தை அரசு மார்ச்சிலேயே நிறுத்திவைத்திருந்தது. மே 22இல்தான் சில பிரிவினருக்கு மட்டும் தளர்த்தியது. அந்த இரண்டு மாதத்தில் பெற்ற தாயின் முகத்தைக் கடைசியாகப் பார்க்க முடியாமல் போனவர்களை எனக்குத் தெரியும். உங்கள் அம்மா ஊரில் தனியாக இருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். ஓசிஐ நல்ல வசதி. ஆனால் அது அரசு தரும் அனுமதி. குடிமகன் தன் நாட்டுக்குள் வருவது உரிமை. சாதாரண நாளில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது.

அப்படியானால் யாருமே இதை வாங்கக் கூடாதா? அப்படிச் சொல்லமாட்டேன். பிள்ளைகள் படிப்பு முடிந்தவர்கள், இந்தியாவில் ஓசிஐயோடு வாழத் தயாரானவர்கள், மாதம் இருமுறை ஐரோப்பா போகும் தொழில் உள்ளவர்கள், 2 கோடியை இழந்தாலும் வீடு ஆடாத அளவுக்கு வசதி உள்ளவர்கள் யோசித்து வாங்கட்டும். அப்படிச் சிலருக்கு நானே தாள்களைச் சரிபார்த்துக் கொடுத்திருக்கிறேன். இதைப் படிக்கும் இலங்கைத் தமிழர்களுக்கு ஒரு வரி: உங்கள் நாடு இரட்டைக் குடியுரிமையை அனுமதிக்கிறது. ஆனால் வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கும் முன்பே, இலங்கைக் குடியுரிமையைத் தக்கவைக்க விண்ணப்பித்துவிடுங்கள்.

உங்கள் விஷயத்தில் நான் செய்யச் சொல்வது வேறு. ஜெர்மன் விசா மறுப்புத் தாளில் என்ன காரணம் குறித்திருக்கிறார்கள் என்று எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் பயண நோக்கமோ, பணத்துக்கான ஆதாரமோதான் இருக்கும். கம்பெனியின் தணிக்கை செய்த கணக்கு, ஆறு மாத வங்கி விவரம், கண்காட்சி நடத்துபவர்களின் அழைப்பு, குடும்பம் துபாயில் இருப்பதற்கான ஆதாரம் எல்லாவற்றையும் ஒழுங்காக வைத்து மறுபடி விண்ணப்பியுங்கள். பழைய மறுப்பை மறைக்காமல் எழுதுங்கள். சில முறை கிடைத்து, முறையாகப் போய்த் திரும்பினால், அடுத்தடுத்து நீண்ட கால விசா கிடைக்கும் வழி அவர்கள் விதியிலேயே இருக்கிறது. இதற்கு ஆகும் செலவு சில நூறு யூரோ.

வளைகுடாவில் நிலையாக இருக்க வேண்டும் என்பதுதான் கவலை என்றால், எமிரேட்ஸின் கோல்டன் விசாவைப் பாருங்கள். 20 லட்சம் திர்ஹம் மதிப்புள்ள சொத்து இருந்தால் 10 ஆண்டு விசா. அது பெரிய தொகைதான். ஆனால் சொத்து உங்கள் பெயரில் இருக்கும், குடியுரிமையும் போகாது. வேறு தகுதிகளிலும் அந்த விசா தருகிறார்கள். உங்கள் கம்பெனிக்கு எது பொருந்தும் என்று அங்கே ஒருவரைக் கேளுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் டொமினிகா வேண்டும் என்று மனம் சொன்னால், மகள் கல்லூரியில் சேரும்வரை பொறுங்கள். அப்போதும் நீங்கள் ஒருவர் மட்டும் விண்ணப்பிக்கலாம். குடும்பத்தில் யார் வெளிநாட்டுக் குடியுரிமை வாங்குகிறாரோ அவருடைய இந்தியக் குடியுரிமைதான் போகும். மனைவியும் பிள்ளைகளும் இந்தியர்களாகவே இருக்கலாம். அந்த முடிவை எடுக்கும் முன் மகளையும் உட்காரவைத்துப் பேசுங்கள். 15 வயதுப் பிள்ளைக்கு இது புரியும்.

ஏஜென்ட்டிடம் ஏதாவது தாளில் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களா என்று எழுதவில்லை. போட்டிருந்தால், பணம் கட்டவில்லை, தொடர விருப்பமில்லை என்று இந்த வாரமே மின்னஞ்சலில் தெரிவித்துவிடுங்கள். பாஸ்போர்ட் நகல்களைக் கொடுத்திருந்தால், அவற்றை வேறு எதற்கும் பயன்படுத்தக் கூடாது என்றும் அதே மின்னஞ்சலில் எழுதுங்கள். போனில் பேசி முடிக்காதீர்கள்.